ஓர் ஒற்றெழுத்தின் தொல்லை

மையொழுகும் பேனாவும், நள்ளிரவிற் காதருகே பாடும் கொசுகும் மாணாக்கர்க்குத் தொல்லை தருவன என்பதை யாவரும் ஒப்புவர். தமிழ் பயில்வார்க்கு மற்றுமொரு தொல்லை உண்டு. அது கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளில் உள்ளது. 'பழக்கடை' என்றிருக்க வேண்டிய இடத்திற் 'பழ கடை' என்றிருப்பின், பழம் வாங்குவோர்க்கு யாதொரு குறைவுமில்லை. எமக்கோ உள்ளங்காலில் நெருஞ்சிமுள் தைத்தாற்போலும்.

இது வீண் நுணுக்கம் என்பாரும் உளர். 13-ஆம் நூற்றாண்டிற் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் எழுத்ததிகாரத்தைப் புரட்டுவார் அவ்வாறு கூறார். 'வேலை தேடினான்' எனின் தொழிலை நாடினான் என்பது பொருள். ஐயுருபு தொக்கு நின்றமையின் வல்லினம் மிகவில்லை. 'வேலைத் தேடினான்' எனின் ஐயுருபு விரிந்து நின்று, வேலாகிய படைக்கலத்தைத் தேடினான் என்றாகும். இத்துணை வேறுபாடும் ஒரு புள்ளியெழுத்தினுள் அடங்கிற்று!

பட்டம் பெற்று ஓராண்டாகியும் தொழில் வாய்க்கப்பெறாத எம் நண்பரொருவர், சென்ற கோடையில், 'வேலைத் தேடி அலைகிறேன்' என்று எமக்கு வரைந்திருந்தார். 'அவ்வேலினை எப்போர்க்களத்தில் இழந்தீர்?' என யாம் மறுமொழி விடுத்தோம். எழுதுங்கால் அது நல்ல நகைச்சுவையாகவே எமக்குத் தோன்றிற்று. மூன்று வாரம் கடிதமில்லை. பின்னர் வந்த அஞ்சலட்டையில் ஒரே வரி இருந்தது: 'ஒற்றை நீக்கிவிட்டேன், வேலை இன்னும் கிடைக்கவில்லை.'

அவ்வரியில் இலக்கணப் பிழை யாதுமில்லை.