முதலில் ஒரு டோக்கன் கொடுத்துப் பார்

திருப்பதி

அன்புள்ள கண்ணம்மா,

ஜாங்கோ வீடியோ கோர்ஸை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பார்க்கும்போது புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றாயாம். வீடியோவை இத்தோடு நிறுத்தம்மா. சின்னதாக ஒன்றைச் செய். அது முழுசாக ஓடட்டும். பிறகு அதன்மேல் அடுத்ததைச் சேர்.

இணையதளம் கட்ட உதவும் இந்த ஜாங்கோ உருவானதே அன்றாட வேலைக்கு நடுவில்தான். 2003-இல் அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரின் பத்திரிகையில் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் செய்தித் தளங்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததைத் தனியே பிரித்து எடுத்து வைத்தார்கள். 2005-இல் அது எல்லோருக்கும் இலவசமாக வெளிவந்தது.

நீ செய்து பழக வேலையைத் தேடி எங்கும் போக வேண்டாம். இங்கே திருமலைக் கோயிலுக்குச் சாதாரண நாளிலேயே 60,000 பேருக்கு மேல் வருகிறார்கள். 300 ரூபாய் டிக்கெட்டானாலும் இலவச தரிசன டோக்கனானாலும் நேரம் குறித்துத்தான் கொடுக்கிறார்கள். அதையே சிறிய அளவில் நீ செய்.

முதல் வாரம் ஒரே ஒரு பக்கம்: இன்றைய நேரங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை இடம் மீதி. நேரத்துக்கு ஒரு மாடல், டோக்கனுக்கு ஒரு மாடல் போதும். அட்மின் பக்கத்தை ஜாங்கோவே தருகிறது; நேரங்களை அதில் ஏற்று. செட்டிங்ஸில் டைம் ஸோன் யூடிசி என்று இருக்கும். ஆசியா/கொல்கத்தா என்று மாற்று. இல்லாவிட்டால் காலை 9 மணி டோக்கன் மதியம் 2.30 வரை முடியாமலே கிடக்கும். அடுத்து பெயர் வாங்கும் ஃபார்ம். அதற்கடுத்து லாகின், ஆளுக்கு ஒரு டோக்கன் என்ற கட்டுப்பாடு.

இவ்வளவும் ஓடிய பிறகு ஒரு சோதனை வை. ஒரே ஒரு இடம் மீதி இருக்கட்டும். இடம் இருக்கிறதா என்று பார்க்கும் வரிக்கும் டோக்கனைச் சேமிக்கும் வரிக்கும் நடுவே ஐந்து விநாடி நிற்கும்படி எழுது. இரண்டு பிரவுசரில் வெவ்வேறு பெயரில் நுழைந்து, அடுத்தடுத்து அழுத்து. இருவருக்குமே டோக்கன் கிடைத்துவிடும்! முதல் ஆள் எழுதி முடிக்கும் முன்பே இரண்டாம் ஆளும் "ஒன்று மீதி" என்று படித்துவிட்டதுதான் காரணம். பார்ப்பதையும் சேமிப்பதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, அந்த நேரத்தின் வரிசையை (ரோ) செலக்ட் ஃபார் அப்டேட் கொண்டு பூட்டு. நீ இதுவரை ஓட்டிய எஸ்கியூலைட் டேட்டாபேஸில் அந்தப் பூட்டுக்குப் பலன் இல்லை. போஸ்ட்கிரெஸுக்கு மாற வேண்டும். டேட்டாபேஸை ஏன் மாற்றுகிறோம் என்பது அப்போது யாரும் சொல்லாமலே உனக்கு விளங்கும். பாடமாகக் கேட்டால் இது மறுநாளே மறந்துவிடும்.

இதை அலட்சியமாக விடாதே. வெளியூரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, கைக்குழந்தையோடு நிற்பவர்களிடம் "உங்கள் இடத்தை வேறொருவருக்கும் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லும்படி ஆகக்கூடாது. நாம் எழுதும் புரோகிராம் கடைசியில் ஒரு மனுஷனிடம்தான் போய்ச் சேர்கிறது.

முடித்ததும் பாட்டியின் போனில் திறந்து கொடு. எதுவும் சொல்லித் தராதே. அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அதுதான் உன் அடுத்த வேலை.

இரண்டாவது பிரவுசர் "இடம் முடிந்தது" என்று சொல்லும் அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு. குடும்பமாக வருகிறவர்களுக்கு ஒரே டோக்கன் கொடுப்பது எப்படி என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
பெரியப்பா