சட்டியில் ஊர்ப்பெயர் எழுதுங்கள்

ஆரையம்பதி

அன்புள்ள மகளுக்கு,

கொக்கட்டிச்சோலையிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. “நீங்களும் ஐயாவும் பிரான்சில் வைன் செய்யும் ஊரெல்லாம் போய்ப் பார்த்தீங்களாம். ஒரு சொட்டும் குடிக்காத உங்களுக்கு அங்கே என்ன இருந்தது, டீச்சர்?” என்று கேட்டிருந்தாய். கடைசிப் பக்கத்தில், எருமைகளை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடப்பதையும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. உன் வீட்டைப்போல் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடப்பதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் மகன் பாரிசில், லா சப்பலுக்குக் கிட்ட இருக்கிறான். ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் முடிந்த கையோடு எங்கள் இருவரையும் இரண்டு நாளைக்கு ரான்ஸ் நகரத்துக்கு ரயிலேற்றிவிட்டான். எழுத்தைப் பார்த்து நம்மவர்கள் ரீம்ஸ் என்பார்கள். பாரிசின் கிழக்கு நிலையத்திலிருந்து கடுகதி ரயிலில் முக்கால் மணி நேரம். சம்பெயின் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது ஒரு பழைய மாகாணத்தின் பெயர். ரான்ஸ் அதன் பெரிய நகரம்.

முதல் நாள் தேவாலயத்துக்குப் போனோம். பிரான்சின் அரசர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக முடிசூட்டிய இடம். கடைசி முடிசூட்டு 1825இல் நடந்தது. வாசலில் சிரித்த முகத்தோடு ஒரு தேவதை நிற்கிறாள். 1914 செப்டெம்பரில் ஜெர்மன் படையின் குண்டுகளால் கோயில் தீப்பிடித்தபோது அவள் தலை அறுந்து கீழே விழுந்து உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, போர் முடிந்தபிறகு மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே 2011இல் வைத்த வண்ணக் கண்ணாடி யன்னல்கள் இருக்கின்றன. அவற்றை வடிவமைத்தவர் இமி க்னோபல் என்ற ஜெர்மன் ஓவியர். அவற்றின் முன்னால் நாங்கள் வெகுநேரம் நின்றோம்.

அந்தப் போரில் நான்கு வருடம் நகரத்தின்மேல் குண்டு விழுந்துகொண்டே இருந்தது. சனங்கள் எங்கே போனார்கள் தெரியுமா? நிலத்துக்குக் கீழே. வெகுகாலத்துக்கு முன் கட்டடங்களுக்காகச் சுண்ணக்கல் வெட்டியெடுத்த பெரும் குழிகள் நகரத்தின் அடியில் இருக்கின்றன. வருடம் முழுக்க ஒரே குளிர் நிற்பதால் பின்னாளில் வைன் போத்தல்களை அங்கே அடுக்கினார்கள். போர் வந்ததும் அதே நிலவறைகளில் குடும்பங்கள் குடியிருந்தன, பள்ளிக்கூடங்கள் நடந்தன. படியிறங்கி உள்ளே போனபோது எனக்குப் போத்தல்கள் கண்ணில் படவில்லை. எங்கள் பங்கரில் மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகள்தான் தெரிந்தார்கள். நானும் அப்படிப் படிப்பித்தவள்.

இரண்டாம் நாள் எப்பர்னே என்ற பட்டினத்துக்கும், அங்கிருந்து ஒவிலே கிராமத்துக்கும் போனோம். 1668 முதல் 1715இல் இறக்கும்வரை டொம் பெரினியோன் என்ற துறவி அங்கிருந்த மடத்தின் வைன் அறையைப் பார்த்துக்கொண்டார். சம்பெயினில் நுரையைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று ஒரு கதை உலாவுகிறது. அது கதைதான். நல்ல பழத்தைத் தெரிந்தெடுப்பதிலும் பல தோட்டத்துச் சாற்றை அளவாகக் கலப்பதிலும் அவர் கெட்டிக்காரர் என்பதே உண்மை.

ஊரின் விளிம்பிலேயே திராட்சை தொடங்கிவிடுகிறது. ஐயா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். “என்ன கா இது, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கு. கொடியும் வேலிக் கதியால் உயரம்தான்” என்றார். அந்த வெள்ளை மண்தான் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து வறட்சியில் கொடிக்குக் கொடுக்கிறதாம். நாங்கள் போனது அறுவடைக் காலம். இயந்திரத்தால் அங்கே பழம் வெட்டக் கூடாது, கையால்தான் வெட்டவேண்டும். இடுப்பு முறிய முறிய ஆணும் பெண்ணும் வரிசையில் குனிந்து நின்றார்கள். நாலாயிரம் கிலோ பழத்தில் 2,550 லீற்றருக்கு மேல் சாறு பிழியக் கூடாது. போத்தலில் அடைத்தபிறகும் குறைந்தது 15 மாதம் காத்திருக்கவேண்டும். சட்டம் அப்படி.

இந்தச் சட்டம் யார் கேட்டு வந்தது என்பதைத்தான் நான் உனக்குச் சொல்ல வந்தேன்.

நூறு வருடத்துக்கு முன் அந்தத் தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். வேரைத் தின்னும் பூச்சி வந்தது, தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. அதே நேரத்தில் சில வியாபாரிகள் வெளி மாகாணங்களிலிருந்து மலிவான வைனை ரயிலில் இறக்கி, சம்பெயின் என்று பெயர் ஒட்டி விற்றார்கள். 1911 ஜனவரியில் தோட்டக்காரர்கள் அந்தச் சரக்கை மறித்து மார்ன் ஆற்றில் கொட்டினார்கள். ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் வீடுகள் எரிந்தன. அரசாங்கம் படையை இறக்கியது. வீடு எரித்ததை நான் சரியென்று சொல்ல மாட்டேன். நெருப்பு என்ன செய்யும் என்று நம் ஊருக்குத் தெரியும். அவர்களின் வயிற்றெரிச்சலில் இருந்த நியாயத்தை மறுக்கவும் முடியவில்லை.

அதிலே இன்னொரு பாடமும் இருக்கிறது. எல்லைக்கோடு போட்டபோது தெற்கே ஓப் மாவட்டத்தாரை வெளியே தள்ளினார்கள். அவர்களும் அதே கஷ்டப்பட்ட தோட்டக்காரர்கள்தான். அவர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஏழைக்கும் ஏழைக்கும் சண்டையானது. 1927இல் வந்த சட்டம் அவர்களையும் உள்ளே சேர்த்து, எந்த நிலம், எந்தப் பழம் என்று வரையறுத்தது. 1936இல் பெயருக்கு முழுக் காப்பு கிடைத்தது. இன்று அந்த நிலத்துக்கு வெளியே விளைந்ததை ஐரோப்பிய ஒன்றியத்தில் சம்பெயின் என்று விற்க முடியாது. 2015இல் அந்தக் குன்றுகளையும் நிலவறைகளையும் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது.

இப்போது நம் தயிருக்கு வருகிறேன்.

ஐயா சின்னப் பிள்ளையாக இருந்தபோது உங்கள் பக்கத்திலிருந்து காவுதடியில் தயிர்ச்சட்டி வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடக்க ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைதான். பாதை ஆடினாலும் தயிர் தளும்பாது, கத்தியால் வெட்டியதுபோல் சட்டியில் நிற்கும். போன வருடம் கொழும்பில் ஒரு கடையில் “மட்டக்களப்புத் தயிர்” என்று எழுதி வைத்திருந்ததை ஆசையோடு வாங்கினோம். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் ஐயா சட்டியைத் தள்ளிவிட்டார். பால்மா கரைத்து உறைய வைத்தது. நம் ஊரின் பெயரை யாரோ விற்றுக்கொண்டிருக்கிறார், அந்தக் காசில் ஒரு சதமும் உன் அம்மாவின் கைக்கு வராது.

பெயருக்குக் காப்பு வாங்குவது நமக்கு எட்டாத காரியம் இல்லை. இலங்கைக் கறுவாவின் பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. மதுரை மல்லிகைக்கு 2013இல் இந்தியாவில் கிடைத்தது. மல்லிகையும் கறுவாவும் பெற்றதை எருமைத் தயிர் ஏன் பெறக் கூடாது?

ஆனால் பெயருக்கு அடியில் நிலம் இருக்கவேண்டும். வெள்ளை மண் போனால் சம்பெயின் இல்லை, மேய்ச்சல் தரை போனால் மட்டக்களப்புத் தயிர் இல்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் வெளியாட்கள் பயிர்செய்ய இறங்கியதால், 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரம் அமர்ந்தார்கள். அது மாட்டுக்காரரின் தனிப் பிரச்சினை என்று நம்மில் பலர் கடந்து போனோம். வாவியின் இந்தப் பக்கம், எழுவான்கரையில் இருந்துகொண்டு நானும் அப்படித்தான் இருந்தேன். ஒவிலேயில் நின்றபோதுதான் அது எங்கள் எல்லோருடைய சோற்றிலும் இருக்கும் விஷயம் என்று உறைத்தது.

பெயருக்குக் காப்பு வரும் நாளில் ஓப் மாவட்டத்தாருக்குச் செய்த பிழையை நாம் செய்யக் கூடாது. இந்த மாவட்டத்தில் தமிழரும் எருமை வளர்க்கிறார்கள், முஸ்லிம்களும் வளர்க்கிறார்கள். பால் ஒன்றாகத்தான் உறைகிறது. அந்தப் பெயருக்குள் எல்லோருக்கும் இடம் இருக்கவேண்டும்.

மகளே, எருமைகளை விற்க வேண்டாம் என்று கட்டளையிட எனக்கு உரிமையில்லை. உங்கள் வீட்டுக் கடன் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். விற்பதென்று முடிவெடுக்கும் முன், உங்கள் ஊரில் பால் கறக்கும் பத்து வீட்டுப் பெண்களை ஒரு பின்னேரம் கூட்டு. எந்தப் பால், எத்தனை மணி நேர உறை, எந்தச் சட்டி என்று நீங்களே ஒரு கொப்பியில் எழுதி, அதை மீறுவதில்லை என்று கையெழுத்து வையுங்கள். நாளை குறியீடு கேட்டுப் போனால் அந்தக் கொப்பிதான் உங்கள் முதல் சாட்சி.

அடுத்த சட்டிக்குக் கடதாசி கட்டும்போது, அதன்மேல் உங்கள் ஊரின் பெயரை எழுது. பாலத்தைக் கடந்து ஆரையம்பதிக்கு வரும் முதல் சட்டியை நாங்கள் வாங்குகிறோம்.

அன்புடன்,
உன் டீச்சர்