கூடாரத்து மக்களும் கோவில் வளவும்



தலவில் அர்ச். அன்னம்மாள் திருவிழாவுக்குப் பாலாவியிலிருந்து கற்பிட்டி வீதியால் வருகிறவர்கள் நுரைச்சோலையைக் கடந்தே போகவேண்டும். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் இவ்வீதியில் ஓடும் வாகனங்களுக்குக் கணக்கில்லை. யாத்திரிகரின் பின்னால் இன்னொரு கூட்டமும் வந்து சேரும். பாம்புப் பெட்டி, ஒரு குரங்கு, இரண்டு மூன்று நாய்கள், கைப்பிள்ளைகள். தென்னந்தோப்பு ஓரத்தில் கூடாரம் எழும்பும். ஆண்கள் மகுடி ஊத, பெண்கள் கை பார்க்கப் புறப்படுவார்கள். நாம் அவர்களைக் குறவர் என்கிறோம். சிங்களத்தில் அகிகுண்டிக்க என்பார்கள். திருவிழா முடிந்ததும் அவர்களும் போய்விடுவார்கள், நாமும் மறந்துவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்டுத் திருவிழாக் காலத்தில், அவர்களுள் ஒரு தாய் பத்து வயது மதிக்கத்தக்க மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அறைவீட்டு வாசலில் வந்து நின்றாள். பூசை முடிந்து வந்த நம் பங்குப் பெண்மணி ஒருவர், "பாதர், அவங்கள உள்ள விடாதீங்க, ஒண்டைக் குடுத்தா நாளைக்கு முழுக் கூட்டமும் வந்து நிக்கும்" என்று என் காதருகே சொன்னார். அந்தத் தாய் கேட்டது அரிசியுமல்ல, பழந்துணியுமல்ல. "சாமி, பிள்ளைக்கு ஒரு துண்டு எழுதித் தாங்க" என்றாள். பிள்ளையைச் சேர்க்கப் போன பாடசாலையில் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கூடாரத்தில் பிறந்த பிள்ளை. பதிவுகாரரிடம் போவதற்குள் கூடாரம் அடுத்த ஊருக்கு நகர்ந்துவிட்டது.

அன்று என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசியபோதுதான், பிள்ளை கைக்குழந்தையாயிருந்த காலத்தில் கிழக்கே ஒரு பங்குக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றது என்ற செய்தி வெளிவந்தது. அந்தப் பங்கின் பெயர் தாய்க்குத் தெரியும், ஆண்டு தெரியாது. "பெரிய மழை பெய்த வருசம்" என்றாள்.

இந்த மக்கள் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். குறவர் என்ற பெயர் குறிஞ்சி நிலத்து மக்களுக்குத் தமிழில் வழங்கிவரும் பெயர். வள்ளியைக் குறமகள் என்கிறோம். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி குறி சொல்வதை மேடையில் பார்த்து மகிழ்கிறோம். (மேடையிலே வந்தால் கலை, வாசலிலே வந்தால் தொல்லை!) ஆனால் இலங்கைக் குறவரின் வீட்டுமொழி தமிழன்று, தெலுங்கு. முன்னோர் ஆந்திரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கிழக்கில் இருப்பவர்கள் தெலுங்கோடு தமிழும், அனுராதபுரப் பக்கத்தில் இருப்பவர்கள் தெலுங்கோடு சிங்களமும் பேசுவார்கள். இவர்களின் இருமொழிப் பழக்கத்தைப் பற்றி நம் நாட்டு மொழியியலாளர் தனஞ்சயராசசிங்கம் 1973இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்றுக்கு அப்பால் அளிக்கம்பை என்ற ஊரில் இவர்கள் நிலையாகக் குடியிருக்கிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தம்புத்தேகமவுக்கு அருகே குடாகமவிலும் ஒரு குடியிருப்பு உண்டு. ஆகவே "அவர்கள்" என்று நாம் விரல் நீட்டும் கூட்டத்தில் நம்மோடு ஒரே நற்கருணையில் பங்குகொள்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டு இன அட்டவணையில் சிங்களவர், தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர், செட்டி, பரதர் என்று வரிசை போகிறது. இவர்களுக்கென்று ஒரு வரி கிடையாது. "ஏனையோர்" என்ற கடைசிக் கூட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

உலகில் இவர்களைப்போல் அலைந்த இன்னொரு மக்களையும் இங்கே நினைக்கவேண்டும். ஐரோப்பாவில் ரோமா என்றும் ஜிப்சிகள் என்றும் அழைக்கப்படுவோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள். அவர்கள் பாஷையில் தண்ணீருக்குப் பெயர் இன்றும் "பானி". நம் குறவருக்கும் அவர்களுக்கும் இரத்த உறவு காட்ட முடியாது, பாஷையே வேறு. ஆனால் இருவர் பட்டதும் ஒன்றுபோல் இருக்கிறது. ருமேனிய நாடுகளில் 1856 வரை ரோமா மக்கள் அடிமைகளாய் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நாசிகள் அவர்களுள் குறைந்தது இரண்டு இலட்சம் பேரைக் கொன்றார்கள். ஐந்து இலட்சம் வரை சொல்வோரும் உண்டு. 1944 ஆகஸ்டு 2ஆம் திகதி இரவு அவுஷ்விட்ஸ் முகாமில் மாத்திரம் ஏறத்தாழ 4,300 பேர் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் 1965 செப்டெம்பர் 26இல் உரோமைக்கு அருகே பொமேசியாவில் அவர்களுடைய கூடாரங்களுக்கே போய், திருச்சபையின் இருதயத்தில் அவர்களுக்கு இடமுண்டு என்றார். பாப்பரசர் பிரான்சிஸ் 2019 ஜூன் 2இல் ருமேனியாவின் பிளாஜ் நகரில், கிறிஸ்தவர்கள் அவர்களை நடத்திய விதத்துக்காக மன்னிப்பே கேட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டிய அளவுக்கு நம்மவர் நடந்திருக்கிறார்கள் என்பதே இதிலுள்ள பாடம்.

ஸ்பெயினில் செபெரினோ ஹிமெனெஸ் மல்லா என்றொரு ஜிப்சி இருந்தார். எழுத வாசிக்கத் தெரியாதவர். குதிரை, கோவேறு கழுதை வாங்கி விற்பது தொழில். ஒருமுறை திருட்டு மிருகங்களை வாங்கியதாகக் குற்றஞ்சாட்டிச் சிறையில் போட்டார்கள். விசாரணையில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். பின்னர் சிறு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். 1936இல், கைதான ஒரு குருவானவருக்காகப் பரிந்து பேசியதால் தாமும் பிடிபட்டு, செபமாலையும் கையுமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1997 மே 4இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். ஜிப்சிகளுள் அந்த மகிமை பெற்ற முதல் ஆள் அவரே. திருடன் என்று எண்ணப்பட்டவரின் படம் இன்று பீடத்தில் இருக்கிறது.

நுரைச்சோலையில் இருந்து இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இருப்பிடம் இழப்பது இன்னதென்று இந்தக் கரைக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் கட்டிய துணியோடு இந்தத் தீபகற்பத்துக்கு வந்து ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் "உங்கள் பதிவு எந்த ஊரில்?" என்ற கேள்வி அவர்களை விடவில்லை. 2011இல் மின்சாரம் தரத் தொடங்கிய நிலக்கரி அனல்மின் நிலையத்துக்காகவும் சில குடும்பங்கள் தம் காணியை விட்டு எழும்பவேண்டி வந்தது. நம் கடற்றொழிலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்கொழும்பு, சிலாபத்துக் குடும்பங்கள் காற்றுக் காலம் மாறும்போது வாடி அமைக்கக் கிழக்குக் கரைக்கும் கற்பிட்டித் தீவுகளுக்கும் போய் மாதக்கணக்கில் தங்கவில்லையா? அவர்களை நாடோடி என்று யாராவது சொல்கிறோமா? வள்ளமும் வலையும் இருந்தால் அது தொழில். பாம்புப் பெட்டி இருந்தால் அலைச்சல் என்கிறோம்.

"அவர்களை ஓரிடத்தில் குடியேற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வோர் பலர். இதை நான் முழுதாக ஏற்பதில்லை. வீடு வேண்டும், மலசலகூடம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் வேட்டைக்குச் சட்டம் தடை போட்டுவிட்டது. பாம்பாட்டம் பார்க்கச் சனம் குறைந்துவிட்டது. கை பார்ப்பதை நாமே பாவம் என்கிறோம். (அது பாவந்தான். ஆனால் கை நீட்டிக் காசு கொடுப்பவர்களில் நம் ஞானப்பிள்ளைகளும் இருக்கிறார்களே!) கல்வீட்டைக் கொடுத்துவிட்டு அதற்குள் பிழைப்பு இல்லையென்றால், வீட்டைப் பூட்டிக்கொண்டு மறுபடியும் தெருவுக்குத்தான் வருவார்கள். பிள்ளைகளும் கூடவே வரும். இந்நாட்டில் 5 முதல் 14 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பது 1998இல் நடைமுறைக்கு வந்து, 2016இல் 16 வயது வரை உயர்த்தப்பட்டது. சட்டம் நல்லதே. ஆனால் இடாப்பில் பெயர் ஏறாத பிள்ளையைச் சட்டம் எங்கே தேடிப் பிடிக்கும்?

ஆகவேதான் துண்டுக்காக வந்த அந்தத் தாயைப் பற்றி இத்தனை எழுதுகிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாதவருக்கு வங்கிக் கணக்கும் இல்லை, வாக்கும் இல்லை. வீட்டுத் திட்டத்தில் பெயர் கொடுக்கவும் வழியில்லை. பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிந்தால் கட்டணமே கிடையாது. தவறிவிட்டால் பிரதேச செயலகத்தின் ஊடாகக் காலங்கடந்த பதிவு செய்யலாம். பதிய முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. காலங்கடந்த பதிவுக்குக் காட்டக்கூடிய ஆதாரங்களில் ஒன்று நம் கையில் இருக்கிறது. அதுதான் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு.

சூசையப்பரும் தேவதாயாரும் பெத்லகேமுக்கு ஏன் போனார்கள்? குடிக்கணக்கில் பெயர் எழுதிக்கொள்ளப் போனார்கள். பெயர் பதியப் போன பயணத்தில் தங்க இடமில்லாமல் நின்ற குடும்பத்தை நாம் ஒவ்வொரு நத்தாரிலும் குடிலில் வைத்துக் கும்பிடுகிறோம்.

அந்தப் பங்கின் குருவானவருக்குக் கடிதம் போட்டேன். ஆண்டு தெரியாததால் அவர் நான்கு ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டவேண்டியிருந்தது. இரண்டு மாதத்தின் பின் பிரதி வந்தது. பிள்ளையின் பெயர், தகப்பன் தாய் பெயர், ஞானத்தாய் பெயர், பிறந்த திகதி எல்லாம் இருந்தன. இதற்கிடையில் கூடாரம் எங்கே போனதென்று தெரியவில்லை. கற்பிட்டி வீதியில் மரக்கறி ஏற்றும் லொறிக்காரர்களிடம் சொல்லிவைத்தோம். நம் உபதேசியார் கடைசியில் அவர்களை வேறொரு திருவிழாவில் கண்டுபிடித்தார். பிரதேச செயலகத்துக்கு மூன்று முறை நடக்கவேண்டியிருந்தது. மூன்று முறையும் அவர்களோடு போனவர், அன்று என் காதில் முறையிட்ட அதே பங்குப் பெண்மணிதான். நான் அவரைக் கேட்கவில்லை; அவராகவே வந்தார்.

இனி, வாசகர்களே, உங்களிடம் சில வார்த்தை. வீட்டில் பிள்ளை முகம் கழுவாமல் நின்றால் "குறவன் மாதிரி" என்று ஏசுகிறோமே, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். நம் பிள்ளை அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லும். அந்தப் பிள்ளை மறுநாள் வராது. சான்றிதழ் வாங்கிக் கொடுத்த நம் பிள்ளைக்கே அப்படி நடந்தது. ஒரு கிழமை வகுப்புக்குப் போகவில்லை. வகுப்பாசிரியை கூடாரத்துக்கு நடந்துபோய், தன் பக்கத்து வாங்கில் இருத்துவேன் என்று வாக்குக் கொடுத்து அழைத்துவந்தார்.

வருகிற ஆகஸ்டுத் திருவிழாவுக்கும் கூடாரங்கள் வரும். நம் மணற்காட்டில் சில அடி தோண்டினாலே தண்ணீர் உண்டு. ஆனால் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? கோவில் வளவுக் கிணற்றையும் யாத்திரிகர் மலசலகூடத்தையும் அவர்களுக்கும் திறந்துவிடுவதென்று பங்குச் சபை தீர்மானித்திருக்கிறது. இரண்டு பேர் எதிர்த்தார்கள். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அறைவீட்டு விறாந்தையில் ஒரு மேசை போடப்படும். விண்ணப்பப் பத்திரம் நிரப்பத் தெரிந்தவர்கள், சிறப்பாகச் சிங்களத்தில் எழுதத் தெரிந்த இளைஞர்கள், இரண்டு மணித்தியாலம் தந்தால் போதும். பெயரை உபதேசியாரிடம் கொடுங்கள். வேற்றிடங்களிலிருந்து வரும் யாத்திரிகருக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரிலும் இப்படிக் கூடாரம் போட்டவர்கள் இருந்தால், அவர்களுக்கு எந்தப் பங்கில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது என்று கேட்டு, பெயரையும் ஏறத்தாழ ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.