காலில் கட்டுப் போட்டவரின் ஒளுவும் தொழுகையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஒளுவின் பர்ளுகளை விவரிக்கும் ஆயத்திலேயே (5:6) அல்லாஹுத் தஆலா நோயாளிகளையும் குறிப்பிடுகின்றான். முகத்தையும் கைகளையும் கழுவி, தலையை மஸ்ஹு செய்து, கால்களைக் கழுவுமாறு கட்டளையிட்ட பின், நோயுற்றவருக்கும் பயணிக்கும் உரிய வழியைச் சொல்லுகின்றான். அடியார்களைச் சிரமத்தில் மாட்டிவைப்பது தன் நாட்டமல்ல, அவர்களைத் தூய்மையாக்குவதே தன் நாட்டம் என்ற கருத்தோடு அந்த ஆயத்தை முடிக்கின்றான். கட்டளையும் சலுகையும் ஒரே ஆயத்தில், ஒரே ரப்பிடமிருந்து வந்தவை. இதை மனத்தில் கொண்டால் இக்கட்டுரையில் நாம் சொல்லப்போகும் மஸ்அலாக்கள் எளிதில் விளங்கும்.

நம் மதுரைச் சீமையில் காலில் புண் வராத வீடு அபூர்வம். வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் கருவேல முள் குத்தும். நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் கோக்கும். கால் ஆணியை அறுத்தெடுக்க நேரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சிறு கீறலும் ஆறாத புண்ணாகிவிடும். டாக்டர் கீறிச் சுத்தம் செய்து, தையல் போட்டு, கட்டிவிட்டு, “தண்ணீர் படக்கூடாது” என்று சொல்லி அனுப்புகிறார். அந்த ஒரு சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்கள் இரண்டு பிரிவாகிவிடுகின்றனர். ஒரு சாரார் தக்வா என்று எண்ணிக் கட்டை அவிழ்த்துக் காலைக் கழுவிப் புண்ணைப் பெரிதாக்கிக் கொள்ளுகின்றனர். மற்றொரு சாரார், “கட்டுப் பிரித்த பிறகு சேர்த்துக் கழா செய்துகொள்ளலாம்” என்று தொழுகையையே விட்டுவிடுகின்றனர். இரண்டுமே மார்க்கம் காட்டிய வழியல்ல.

நாயகம் (ஸல்) அவர்களின் காலில் ஏற்பட்ட காயம்

நமக்கு எல்லா நிலைமைகளிலும் முன்மாதிரியான நாயகம் (ஸல்) அவர்களுக்கும் காலில் அடிபட்டதுண்டு. மதீனாவில் அவர்கள் குதிரையில் செல்லும்போது அது அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிப்பகுதி ஒன்றின்மீது தள்ளிவிட்டது. அதனால் பாதம் பிசகிவிட்டது என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கின்றது. விழுந்ததில் உடலில் சிராய்ப்பு ஏற்பட்டதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரி பதிவு செய்துள்ளது. இது ஹிஜ்ரீ 5ஆம் ஆண்டில் நிகழ்ந்ததென்பது இப்னு ஹிப்பான் (ரஹ்) அவர்களின் கூற்று.

அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? மாடியறையில் தங்கினார்கள். நோய் விசாரிக்க வந்த ஸஹாபாக்கள், அவர்கள் உட்கார்ந்து தொழுவதைக் கண்டனர். இரவெல்லாம் நின்று வணங்கிக் கால்கள் வீங்கிய நபியவர்கள், கால் காயமுற்றபோது உட்கார்ந்தே தொழுதார்கள். அவர்களைவிடத் தக்வா உடையவர் எவர்? தொழுகையை அவர்கள் விடவுமில்லை; காயத்தை வருத்திக்கொள்ளவுமில்லை.

மூல நோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழ வேண்டும் என நாயகம் (ஸல்) அவர்கள் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தொழுகையே வேண்டாம் என்ற படி அதில் இல்லை.

பயணத்தில் தலையில் கல் பட்டுக் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தமக்குச் சலுகை உண்டா என்று அவர் உடனிருந்தோரிடம் கேட்டார். அவர்கள் அறியாமல் இல்லையென்று சொல்லிவிட்டனர். அவர் குளித்தார், அதனாலேயே இறந்துபோனார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்து, அறியாமைக்குக் கேள்வி கேட்பதே மருந்து என்று உணர்த்தினார்கள். ‘பேணுதல்’ என்ற பெயரில் நோயாளியை வருத்துவோர் இந்த ஹதீஸை மறக்கக்கூடாது.

கட்டின்மீது மஸ்ஹு செய்யும் முறை

இப்னு உமர் (ரலி) அவர்கள் கையில் கட்டு இருந்தபோது மற்ற உறுப்புகளைக் கழுவி, கட்டின்மீது மஸ்ஹு செய்தார்கள் என்பது பைஹகீயில் வருகின்றது. இமாம்கள் விவரித்த சட்டங்களுள் நமக்கு அவசியமானவற்றை மட்டும் தருகிறோம்.

மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் பெரும்பாலோர் ஹனபீக்கள். அவர்கள் செய்ய வேண்டியது: முகம், கைகள், நல்ல கால் ஆகியவற்றை வழக்கம்போல் கழுவ வேண்டும். தலையை மஸ்ஹு செய்ய வேண்டும். கட்டுப் போட்ட காலில், தண்ணீர் கட்டுக்குள் இறங்காமல் கழுவ முடிந்த பாகத்தைக் கழுவ வேண்டும். பிறகு கையை நனைத்து, நீரை உதறிவிட்டு, ஈரக்கையால் கட்டின் பெரும்பகுதியில் ஒருமுறை தடவினால் போதும். கழுவுவதால் சுற்றிலும் நீர் இறங்குமென்றால் முழுவதையும் தடவிக்கொள்ளலாம். தடவுவதுகூடக் கெடுதி செய்யுமென்றால் அதுவும் மன்னிக்கப்படும். இதற்குத் தனியாகத் தயம்மும் வேண்டியதில்லை. கட்டுப் போடும்போது ஒளு இருந்திருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் ஷாபிஈக்கள் பலர். அவர்கள் நல்ல பாகத்தைக் கழுவி, கட்டு முழுவதையும் நீரால் மஸ்ஹு செய்து, கழுவாமல் விட்ட பாகத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். வரிசை பேணுவது பர்ளாதலால், காலின் முறை வரும்போது அந்தத் தயம்முமைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் தயம்முமைப் புதுப்பிக்க வேண்டும். கட்டை ஒளுவுடன் போட்டிருந்து, அது தேவைக்கு அதிகமாகப் பரவாமலும் இருந்தால், பின்னர் தொழுகைகளைத் திருப்ப வேண்டியதில்லை. ஒளு இல்லாமல் போட்டிருந்தால் திருப்ப வேண்டும். ஆகவே ஷாபிஈச் சகோதரர்கள் சிகிச்சை அறைக்குள் போகுமுன் ஒளுச் செய்துகொள்வது நலம். காலை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியால் ஒளு முறியாது. முழு மயக்கம் கொடுத்தால் முறிந்துவிடும்.

கால்மேசையாகிய ‘குஃப்’பின் மஸ்ஹுக்கு ஊரிலிருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று நாள் என்ற தவணை உண்டு. கட்டுக்கு அத்தகைய தவணை இல்லை. புண் ஆறும்வரை செய்யலாம். ஆறுமுன் கட்டை மாற்றினால் பழைய மஸ்ஹு முறியாது. புதிய கட்டின்மீது மீண்டும் தடவுவது சிறப்பு என்பது ஹனபீச் சட்டம். புண் ஆறிக் கட்டு விழுந்துவிட்டால் அவ்விடத்தைக் கழுவியாக வேண்டும்.

இரத்தமோ சீழோ கசிந்தோடினால் ஹனபீக்களுக்கு ஒளு முறியும், ஷாபிஈக்களுக்கு முறியாது. ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும், ஒளுச் செய்து தொழுதுகொள்ளும் அளவுக்குக்கூடக் கசிவு நிற்கவில்லையானால் ஹனபீ ‘மஃதூர்’ ஆகிவிடுகிறார். அவர் ஒவ்வொரு வக்துக்கும் ஒருமுறை ஒளுச் செய்தால், அந்த வக்து முடியும்வரை அதே கசிவால் அவரது ஒளு முறியாது.

தொழும் முறை

சுவரிலோ கைத்தடியிலோ சாய்ந்து நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும். நிற்பதால் தையல் பிரியுமென்றோ குணமாவது தாமதிக்குமென்றோ நம்பத்தகுந்த டாக்டர் சொன்னால் உட்கார்ந்து தொழலாம். இருப்பு எப்படியும் இருக்கலாம். கட்டுப் போட்ட காலைப் பக்கவாட்டிலோ முன்னாலோ நீட்டிக்கொள்ளலாம். கிப்லாவின் பக்கம் காலை நீட்டக்கூடாது என்று நம் தாய்மார்கள் சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்த்திருப்பதால் நோயாளிக்கு மனம் கூசும். காரணமின்றி நீட்டுவதே வெறுக்கத்தக்கது; நோயாளிமீது குற்றமில்லை.

தரையில் அமர்ந்து நெற்றியை நிலத்தில் வைக்க முடிந்தவர் நாற்காலியில் அமர்ந்து சைகையால் ஸஜ்தா செய்வது செல்லாது. தரையில் அமர முடியாதவருக்கே நாற்காலி. அவர் ஸஜ்தாவுக்கு ருகூவைவிட அதிகமாகக் குனிய வேண்டும். தலையணையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொள்ளக்கூடாது. பள்ளிக்கு நடக்க இயலாதவருக்கு ஜமாஅத்தும் ஜும்ஆவும் கடமையில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் ளுஹர் நான்கு ரக்அத் தொழுதால் போதும்.

ஓதிக்கொடுப்பவரின் கால்

இந்த மஸ்அலாக்களைக் கிதாபில் ஓதியிருந்த நமக்கு, அவற்றை உடலில் ஓதும் சந்தர்ப்பமும் வந்தது. பட்டம் பெற்று, மேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய முதல் வருடம் அது. உள்ளங்காலில் குத்திய கருவேல முள்ளின் முனை உள்ளேயே தங்கிச் சீழ் பிடித்தது. மதுரையில் கீறி எடுத்துத் தையல் போட்டனர். பாதத்தைத் தரையில் ஊன்றாமல் உயரத்தில் வைத்திருந்தால் வீக்கம் வடியும் என்றும், பாதத்துத் தையல் முகத்துத் தையலைப்போல் விரைவில் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். ஆகவே மதரஸாவில் ஒரு மரப்பெட்டிமீது காலை வைத்துக்கொண்டு ஸபக் நடத்தினோம். கசிவு நிற்கும்வரை வேறொருவர் இமாமத் செய்தார்.

ஓதுபிள்ளைகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஒருநாள் பத்து வயதுப் பையன் ஒருவன், “ஹஜ்ரத், நீங்க அந்தக் காலைக் கழுவவே இல்லையே, தொழுகை கூடுமா?” என்று கேட்டான். அன்றைய ஸபக்கை அங்கேயே நிறுத்திவிட்டு, கட்டின்மீது எப்படித் தடவுவது, ஏன் தடவுவது என்று செய்து காட்டினோம். அடுத்த நாள் அதே பையன் தன் அத்தாவை அழைத்து வந்தான். அவர் நெல் அரவை ஆலைத் தொழிலாளி. சர்க்கரை நோயினால் காலில் ஆறாத புண். “தம்பி ஹஜ்ரத், தண்ணி படக்கூடாதுன்னு சொன்னாங்க. எட்டு மாசமா தொழல. ஒளு இல்லாம எப்படி நிக்கிறது?” என்றார். தொழுகையை விட்ட துக்கம் அவர் குரலில் இருந்தது. கால் புண்ணை மட்டுமே எல்லாரும் விசாரித்திருந்தார்கள். இதை எவரும் அவரிடம் கேட்கவில்லை. அன்று அஸருக்கு அவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து தொழுதார். விடுபட்டவற்றை ஒவ்வொரு பர்ளுடனும் ஒன்றாகக் கழா செய்யச் சொன்னோம்.

காலை ஊன்றி நிற்க முடிந்த பிறகு நாம் இமாமத் செய்தபோது, பெரியவர் ஒருவர், காலைக் கழுவாத இமாமின் பின்னால் கழுவியவர்கள் தொழலாமா என்று ஐயம் கொண்டார். நியாயமான கேள்விதான். கட்டின்மீது மஸ்ஹு செய்தவரின் பின்னால் கழுவியவர் தொழுவது கூடும். ஆனால் ஹனபீச் சட்டப்படி, கசிவு நிற்காத ‘மஃதூர்’ நலமுள்ளவர்களுக்கு இமாமத் செய்யக்கூடாது. சைகையால் தொழுபவரும் ருகூவும் ஸஜ்தாவும் செய்ய முடிந்தவர்களுக்கு இமாமாக நிற்கக்கூடாது. கிதாபைக் காட்டியதும் பெரியவர் மனநிறைவு கொண்டார்.

உர்வா (ரஹ்) அவர்களின் பாடம்

மதீனாவின் ஏழு பெரும் பகீஹுகளில் ஒருவரும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகனுமான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள், கலீபா வலீதைக் காணச் ஷாம் சென்றபோது காலில் அழுகல் நோய் கண்டு காலையே அறுத்தெடுக்க நேர்ந்தது. போதை தரும் பானத்தை அருந்த அவர்கள் மறுத்துவிட்டார்கள். நாள்தோறும் குர்ஆனில் நான்கில் ஒரு பகுதியை ஓதி இரவில் அதைக் கொண்டே நின்று வணங்குவது அவர்களின் வழக்கம். கால் அறுக்கப்பட்ட அந்த ஓர் இரவில் மட்டும் அது விடுபட்டது. மறு இரவே தொடர்ந்தார்கள் என்று வரலாறு கூறுகின்றது.

மயக்க மருந்து இல்லாமல் வலியைத் தாங்க வேண்டும் என்பது இதன் பாடமல்ல. இன்றைய மருத்துவர் அவசியத்துக்காகக் கொடுக்கும் மயக்க மருந்து ஆகுமானதே. விடுபட்ட நல்லமலை மறுநாளே தொடர்ந்தார்களே, அதுதான் பாடம். நம்மில் பலருக்குக் கால் ஆறிவிடுகிறது. நோயில் விட்ட வழக்கம் மட்டும் திரும்புவதில்லை.

வீட்டாருக்கு ஒரு சொல்

நோய் விசாரிப்பது ஸுன்னத். பழமும் ரொட்டியும் வாங்கிச் செல்கிறோம். கோரிப்பாளையத்து அரசு இராசாசி மருத்துவமனையில் படுத்திருப்பவரானாலும் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டியிருப்பவரானாலும், “ஒளுவுக்கு என்ன செய்கிறீர்கள்?” என்று பக்குவமாக ஒரு வார்த்தை கேளுங்கள். செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொடுங்கள். கட்டிலைக் கிப்லாவை நோக்கித் திருப்பிக்கொடுங்கள். நம் ஊரிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்துள்ளது. மருத்துவர் தண்ணீர் படக்கூடாது என்று சொன்ன இடத்தில் தண்ணீர் படாமலும், அல்லாஹ் தொழச் சொன்ன நேரத்தில் தொழுகை தவறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் அருகிலுள்ள ஆலிமிடம் உடனே கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் பூரண ஷிபாவைத் தருவானாக! அவன் அளித்த சலுகைகளை அறிந்து, நன்றியுடன் ஏற்று, நலத்திலும் நோயிலும் தொழுகையைப் பேணும் நற்பேற்றை நமக்கு நல்குவானாக! ஆமீன்.