தூரத்திலிருந்தும் கூடி உழைக்கலாம்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். வடம் பிடிப்போர் யாவரும் ஓரிடத்தில் நின்றால்தான் தேர் நகரும். ஆனால், ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத மக்கள், பல நாடுகளில் இருந்தவாறே ஒரே வேலையைச் சேர்ந்து செய்வதும் இன்று சாத்தியமாகியுள்ளது. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஓர் உதாரணத்தின் வாயிலாகக் காண்போம்.

பூகம்பமும் வரைபடமும்

2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி மாலை, கரிபியன் கடலிலுள்ள ஹைட்டி நாட்டைப் பெரும் பூகம்பம் தாக்கியது. தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் கட்டிடங்கள் இடிந்து விழுந்தன. பல நாடுகளிலிருந்து மீட்புப் படையினர் விரைந்தனர். ஆனால், தெருக்களையும் அடைபட்ட பாதைகளையும் காட்டும் விவரமான வரைபடம் அவர்களிடம் இல்லை. இடிபாடுகளில் சிக்கியோருக்கோ ஒவ்வொரு மணி நேரமும் உயிர்ப் பிரச்சினை.

2004-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் பொது வரைபடத்தின் தொண்டர்கள் இக்குறையை நீக்க முன்வந்தனர். பூகம்பத்திற்குப் பின் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களைத் தத்தம் வீட்டுக் கணினியில் பார்த்து, சாலைகளையும், இடிந்த கட்டிடங்களையும், மக்கள் தங்கிய முகாம்களையும் வரைந்தனர். சில வாரங்களுக்குள் அந்நகரின் மிக விரிவான வரைபடம் உருவாயிற்று. மீட்புப் படையினர் அதைத் தம் வழிகாட்டும் கருவிகளில் ஏற்றிக்கொண்டு பணியாற்றினர்.

ஒழுங்கு நிலைத்தது எவ்வாறு?

முதலாவதாக, பதிவேடு ஒன்றே. ஆளுக்கொரு பிரதி இல்லை. இரண்டாவதாக, ஒவ்வொரு திருத்தத்துடனும் செய்தவரின் அடையாளமும் தேதியும் பதிவாகின்றன. தவறு நேர்ந்தால் பழைய நிலைக்கு மீட்கலாம். மூன்றாவதாக, ஒரே சாலையை இருவர் ஒரே சமயத்தில் திருத்தினால், பின்னவருக்குக் கணினி எச்சரிக்கை தருகிறது.

பிற்காலத்தில் இன்னொரு வசதியும் சேர்ந்தது. நிலப்பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒருவர் எடுத்த கட்டத்தில் மற்றவர் அச்சமயம் நுழைய இயலாது. அவர் முடித்தபின் வேறொருவர் சரிபார்க்கிறார். 2015-இல் நேபாளத்தில் பூகம்பம் நேர்ந்தபோது, ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இம்முறையிற் பணியாற்றினர்.

எனினும், செயற்கைக்கோள் படம் தெருவைக் காட்டுமேயன்றி, அதன் பெயரைச் சொல்லாது. அதை உள்ளூர் மக்களே அறிவர். ஆகவே 2010-இலேயே தொண்டர்கள் சிலர் ஹைட்டிக்குச் சென்று, அந்நாட்டினருக்கு இவ்வேலையிற் பயிற்சியளித்தனர்.

நமக்குரிய பாடம்

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வெவ்வேறு குக்கிராமங்களில் வசிக்கின்றனர். செய்தி பரிமாறக் கைப்பேசிக் குழுக்கள் உள்ளன. ஆனால், செய்தி வேறு, பதிவேடு வேறு. பழுதான குடிநீர்க் குழாய் பற்றிப் பத்துச் செய்திகள் வந்திருக்கலாம். ஒரு மாதம் கழித்து, அதைச் சீர்செய்யும் பொறுப்பை ஏற்றவர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

ஆகவே, குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, வாய்க்கால் ஆகியவற்றுக்கு யாவரும் காணத்தக்க பொது அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்வோம். வார்டு வாரியாக வேலையைப் பகிர்ந்து, பொறுப்பாளர் பெயரையும் தேதியையும் எழுதுவோம். முடிந்த வேலையை மற்றொருவர் நேரில் பார்த்து உறுதிசெய்யட்டும். கைப்பேசி இல்லாதவர்க்காக, அவ்வட்டவணையின் பிரதியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டி, கிராம சபையிலும் படித்துக் காட்டுவோம்.

கருவி புதிதாயினும், அதற்கு வலிமை தருவன பழைய பண்புகளே: பொறுப்பு, ஒழுங்கு, ஒளிவுமறைவின்மை. இம்மூன்றும் இருப்பின் தூரம் ஒரு தடையன்று.