இடருக்கு எழும் சுரப்பி

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 51 செ.மீ. மழை கொட்டிற்று. தென்பெண்ணை பெருக்கெடுக்க, விழுப்புரம் வட்டாரத்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வேளையில், தளர்ந்த தாயைத் தோளில் சுமந்து மேட்டுநிலம் நோக்கி விரையும் மகனை எண்ணிப் பார்ப்போம். அவ்வலிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது?

சிறுநீரகங்களின்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்த அட்ரினல் சுரப்பிகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடையே உடையது. உள்ளே இருப்பது அகணி; அதனைச் சூழ்ந்திருப்பது புறணி.

அச்சம் மூளையைத் தொட்டவுடன் நரம்புவழி ஆணை அகணியை அடைகிறது. நொடிகளில் அட்ரினலின் குருதியில் கலக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. இப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்து 1901இல் அறிவித்தவர் ஜப்பானியரான தக்காமினே.

அடுத்து எழுவது புறணி. ஹைபோதாலமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி புறணியைத் தூண்ட, கார்டிசால் சுரக்கிறது. அது குருதியில் சர்க்கரையைப் பெருக்குகிறது. குருதியழுத்தம் வீழாமல் காக்கிறது. இடர் நீங்கியதும், கார்டிசாலே மூளைக்கு 'போதும்' என உணர்த்திச் சுரப்பை அடக்கிவிடும்.

இந்த அடக்கத்தில்தான் நாம் அறியவேண்டிய செய்தி உள்ளது. ஆஸ்துமாவுக்கோ மூட்டழற்சிக்கோ ஸ்டீராய்டு மாத்திரைகளை வாரக்கணக்கில் உண்போர் நம்மிடையே உளர். மாத்திரையையே கார்டிசால் எனக் கொண்டு மூளை ஆணையிடாது நின்றுவிட, புறணி உறங்கிப்போகிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், இடர் வரும்போது எழுவதற்குச் சுரப்பி இல்லை. வாந்தி, பெருஞ்சோர்வு, குருதியழுத்த வீழ்ச்சி, மயக்கம் எனத் தொடர்ந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

வெள்ளத்தில் மருந்துப் பெட்டியும் மிதந்து போவதுண்டு. ஆகவே மழைக்காலத்தில் குடும்ப அட்டையுடன் இம்மாத்திரைகளையும் மருத்துவரின் சீட்டையும் நீர்புகாப் பையில் கட்டிவைப்போம். முகாமுக்குச் சென்றால், "இவர் ஸ்டீராய்டு உண்பவர்" என்று மருத்துவரிடம் முதலில் கூறுவோம். நோய் தணிந்ததென்று நாமே மாத்திரையை நிறுத்தாது, மருத்துவர் சொற்படி அளவைப் படிப்படியாகக் குறைப்போம்.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனுள் உறங்கும் காவலனை அறிந்து, அவன் விழிக்கும்வரை நாம் காவல் நிற்பதும் அவ்வமானிதத்தைப் பேணுவதேயாம்.