மாணவனின் நாள் இஷாவில் தொடங்குகிறது

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. முஃமின்களின் மீது தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமையாக விதிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சூரத்துந் நிஸாவின் 103ஆவது திருவசனம் நமக்கு அறிவிக்கிறது. தொழுகை கடமை என்பதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். நேரமும் அக்கடமையின் ஒரு பகுதி என்பதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்லூரியில் பயிலும் நம் மாணவச் செல்வங்களுக்காகவே இம்மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சியில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் ஹவ்ளுக்கருகில் ஓர் இளைஞர் நம்மிடம் வந்து ஸலாம் கூறினார். ஸ்ரீரங்கம் பகுதியில் வாடகை வீட்டில் பெற்றோருடன் வசிப்பவர். நகரின் தென்புறத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர். "ஹஜ்ரத், எட்டரை மணிக்கு முதல் வகுப்பு. ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஸுப்ஹு தினமும் களாவாகிறது. லுஹரையும் அஸரையும் வீட்டுக்கு வந்து மஃரிபோடு சேர்த்துத் தொழுதுவிடுகிறேன். பயணம்தானே, அதனால் கூடும் அல்லவா?" என்று கேட்டார். சற்று நேரம் மௌனமாக நின்றவர், பிறகு தாழ்ந்த குரலில், "அத்தா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். படிப்பை விடவும் முடியாது. இப்படித் தொழுவதற்குத் தொழாமலே இருந்துவிடலாமோ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் நம்மை உலுக்கியது. மஸ்அலாவை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அவர் அன்றோடு தொழுகையை விட்டிருக்கவும் கூடும். ஆகவே அவரை அருகில் அமர்த்தி, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அவருடைய ஒரு நாளை மணிவாரியாக எழுதச் சொன்னோம்.

கணக்கு என்ன சொன்னது?

திருச்சியில் ஜூன் மாதத்தில் சூரியன் காலை 6 மணிக்குச் சற்று முன்பே உதித்துவிடுகிறது. ஜனவரி இறுதியில் 6.40 மணியை ஒட்டி உதிக்கிறது. ஸுப்ஹு ஸாதிக்கிலிருந்து சூரியோதயம்வரை ஏறத்தாழ 1¼ மணி நேரம் உண்டு. ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்கு ஆண்டின் எந்த நாளிலும் ஸுப்ஹுத் தொழுகையின் நேரம் வீட்டிலேயே முழுமையாகக் கிடைக்கிறது. அப்படியானால் அவருடைய ஸுப்ஹைப் பறித்தது காலை வகுப்புமல்ல, பஸ்ஸுமல்ல. அத்தாளின் அடிவரியில் அவரே எழுதியிருந்தார்: "இரவு 12½, படுக்கை." இஷாவுக்கும் படுக்கைக்கும் இடையிலிருந்த மூன்றரை மணி நேரத்தில் பாடத்துக்கென்று அவரால் காட்ட முடிந்தது முக்கால் மணிதான். மிச்சமெல்லாம் கைப்பேசிக்குப் போயிருந்தது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக 2022 செப்டம்பரில் மூடப்பட்டு 2023 மார்ச்சில்தான் மீண்டும் போக்குவரத்துக்கு விடப்பட்டது. அந்த மாதங்களில் ஸ்ரீரங்கத்து மக்கள் சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு நகருக்குள் வர வேண்டியிருந்தது. இந்த மாணவரும் ஆறே காலுக்கே கிளம்பினார். கிளம்பும் நேரத்தை முன்னே தள்ளியவர், படுக்கும் நேரத்தை முன்னே தள்ளவில்லை. இடையில் அகப்பட்ட ஸுப்ஹு நசுங்கியது. பாலம் திறந்தபின் கையில் திரும்பக் கிடைத்த முக்கால் மணி நேரமாவது தொழுகைக்குப் போயிற்றா என்றால், இல்லை. அதுவும் தூக்கத்துக்கே போயிற்று.

இதிலிருந்து பெற வேண்டிய பாடம் இதுதான்: காலைப் பொழுதைக் காலையில் சீர்செய்ய முடியாது. இஸ்லாமியக் கணக்கில் நாள் மஃரிபில் பிறக்கிறது. இரவு முந்தியது, பகல் பிந்தியது. மாணவனின் நாளும் அவ்வாறே முந்திய இரவிலேயே தொடங்கிவிடுகிறது.

பிலால் (ரலி) அவர்களின் காவல்

ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்த ஒரு சம்பவத்தை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இரவு நெடுநேரம் பயணம் செய்து களைத்தபின் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கினார்கள். ஸுப்ஹு நேரத்தைக் கவனித்து எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்துவிட்டே உறங்கினார்கள். பிலால் (ரலி) அவர்களும் தொழுதவாறு விழித்திருந்து, விடியல் நெருங்கிய வேளையில் ஒட்டகத்தின் மீது சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார்கள். வெயில் பட்ட பிறகே எல்லோரும் விழித்தார்கள். அவ்விடத்தைவிட்டுச் சற்று நகர்ந்து, ஒளூச் செய்து, ஜமாஅத்தாகவே தொழுதார்கள்.

இதில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. ஒன்று, தூக்கம் மிகைத்துத் தவறியவர் மனமுடைந்து போக வேண்டியதில்லை. விழித்தவுடன் தொழ வேண்டும். இரண்டாவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். உறங்குமுன் எழுவதற்கான ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. ஏற்பாடு செய்து தவறியவரும், ஏற்பாடே செய்யாமல் நள்ளிரவு தாண்டிப் படுத்தவரும் ஒன்றாகமாட்டார்கள்.

இஷாவுக்குமுன் உறங்குவதையும் இஷாவுக்குப்பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. கல்வி சம்பந்தமான பேச்சும் அவசியமான காரியங்களும் இதில் சேரா என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே இரவில் பாடம் படிப்பது குற்றமன்று. கைப்பேசியில் கழியும் பொழுதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை வாசகரின் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறோம்.

அவருக்கு நாம் எழுதிக் கொடுத்த ஒழுங்கு

மணிக்கணக்கில் போடும் அட்டவணை ஒரு பஸ் தாமதித்தால் குலைந்துவிடும். ஆகவே ஐவேளைத் தொழுகையையே ஐந்து ஆணிகளாக அடித்து, வேலைகளை அவற்றில் மாட்டிக் கொடுத்தோம்.

இஷாவுக்குப் பின்: மறுநாள் வகுப்புகளைப் பார்த்து, அதற்குரிய நோட்டுகள், ரெக்கார்டு நோட்டு, அடையாள அட்டை, பஸ் பாஸ், தண்ணீர்ப் பாட்டில், ஒரு சிறு தொழுகை விரிப்பு ஆகியவற்றைப் பையில் வைத்து, பையை வாசற்கதவருகில் வைக்க வேண்டும். உடுப்பை அப்போதே தேய்த்து மாட்டிவிட வேண்டும். கைப்பேசியில் அலாரம் வைத்து, கை எட்டாத தூரத்தில், முடிந்தால் அடுத்த அறையில் வைக்க வேண்டும். பத்து மணிக்குப் படுத்தால் 4¾ மணிக்கு எழுபவருக்கு 6¾ மணி நேரத் தூக்கம் கிடைக்கும். எழுப்பிவிடும்படி அத்தாவிடமோ அம்மாவிடமோ சொல்லி வைப்பதில் வெட்கமில்லை.

ஸுப்ஹுக்குப் பின்: மீண்டும் படுக்காமல், மிகக் கடினமான ஒரு பாடத்தை முக்கால் மணி நேரம் படிக்க வேண்டும். தம் உம்மத்தினரின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் துஆ கேட்டார்கள். அதை அறிவிக்கும் ஸக்ருல் காமிதீ (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம் சரக்கை அதிகாலையிலேயே அனுப்பி வைத்துச் செல்வம் பெருகப் பெற்றார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. விடியுமுன்னே காந்தி மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளை இறக்குகிறவர்களைப் பாருங்கள். மார்கழியில் இருட்டோடு எழுந்து வாசலில் கோலமிடும் ஸ்ரீரங்கத்து அண்டை வீட்டாரைப் பாருங்கள். அவரவர் தத்தம் காரியத்துக்காக எழுந்துவிட்டிருக்க, பாங்கொலி கேட்டும் உறங்குவது நமக்கு அழகாகுமா?

பஸ்ஸில்: ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் வழியாக மத்திய பேருந்து நிலையம் போகும் 1ஆம் நம்பர் பஸ்ஸில் காலை வேளையில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. புத்தகத்தை விரிக்க முடியாது. ஆனால் நெஞ்சை விரிக்கலாம். ஹிஜ்ரி 631இல் நவா என்ற சிற்றூரில் பிறந்து, 649இல் கல்விக்காகத் திமிஷ்கு வந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடங்கள் ஓதி வந்தார்கள் என்றும், தெருவில் நடக்கும்போதும் மனனம் செய்தவற்றைத் திரும்பச் சொல்லிக்கொண்டே போவார்கள் என்றும் அவர்களின் மாணவர் இப்னுல் அத்தார் (ரஹ்) எழுதி வைத்துள்ளார்கள். ஸுப்ஹுக்குப் பின் படித்ததைப் பாலம் கடக்கும்வரை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், அதுவே இரண்டாவது வாசிப்பாகிவிடும். மீதி நேரத்துக்கு ஸலவாத்து இருக்கிறது.

வழி அடைபடும் நாட்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டி ஸ்ரீரங்கத்தில் பெருங்கூட்டம் இருக்கும். அந்நாட்களில் ஒரு பஸ் முன்னதாகக் கிளம்ப வேண்டும். முந்திய இரவு அதற்கேற்ப முன்னதாகவே படுக்கவும் வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய மஸ்அலாக்கள்

1. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு வருவது ஷரீஅத்தின் கணக்கில் ஸஃபர் ஆகாது. லால்குடி, மணப்பாறை, தஞ்சாவூரிலிருந்து தினமும் வந்து போகிறவர்களின் தூரமும் அந்த அளவை எட்டுவதில்லை. ஹனஃபி மத்ஹபின்படி ஏறத்தாழ 48 மைல் செல்ல நாடிப் புறப்படுபவரே முஸாஃபிர். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா தூரம் வேண்டும். எனவே கல்லூரிப் பயணத்தைக் காட்டிக் கஸ்ருமில்லை, இரு தொழுகைகளைச் சேர்ப்பதுமில்லை. லுஹரையும் அஸரையும் மஃரிபுக்குப் பின்பு தொழுவது ஜம்உ அன்று, அது களாவே.

2. லுஹரின் நேரம் குறுகியதென்று அஞ்ச வேண்டாம். திருச்சியில் அது பகல் 12 மணிக்கும் 12½ மணிக்கும் இடையில் தொடங்குகிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி 3¼ மணிக்குப் பிறகும், ஹனஃபி மத்ஹபின்படி 4 மணி கடந்துமே அஸர் நேரம் வருகிறது. உணவு இடைவேளையில் இயலாவிட்டால், வகுப்பு முடிந்ததும் தொழ நேரமிருக்கிறது.

3. 1951இல் நிறுவப்பட்ட ஜமால் முஹம்மது கல்லூரியின் வளாகத்தில் பள்ளிவாசலே இருக்கிறது. பிற கல்லூரிகளில் பயில்வோருக்குச் சுத்தமான ஒரு மூலையும் ஒரு விரிப்பும் போதும். பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது. மாணவியர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஓர் ஆசிரியையிடம் சொல்லி, காலியான வகுப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் குறைவு.

4. திரும்பும் வழியில் அஸர் தவறிவிடும் என்று அஞ்சினால், பஸ் ஏறுமுன்பே தொழ வேண்டும். அல்லது வழியில் இறங்கித் தொழுதுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நகரப் பேருந்து அடுத்தடுத்து வரும். போன நேரம் வராது.

5. ஜும்ஆ நேரத்தில் வகுப்போ செய்முறைப் பயிற்சியோ வருமென்றால், பருவத்தின் முதல் வாரத்திலேயே துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றைய தினம் சொல்லாமல் எழுந்து போவது நமக்கும் மார்க்கத்துக்கும் நல்ல பெயரைத் தராது.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை

இவ்வளவும் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அன்றிரவு நமக்கு ஓர் எண்ணம் வந்தது. மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நம்மை எழுப்ப மணி இருந்தது. கதவைத் தட்ட உஸ்தாது இருந்தார்கள். பள்ளிவாசல் பத்தடி தூரத்தில் இருந்தது. மத்ரஸாவை விட்டு வெளிவந்த முதல் மாதத்தில் நமக்கும் இரண்டு ஸுப்ஹுகள் தவறியதுண்டு. ஒழுங்கு நம்முடையது என்று எண்ணியிருந்தோம். அது மணியுடையதாக இருந்தது! மணியில்லாத இடத்தில் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் இந்தப் பிள்ளைகளின் முயற்சியை ஆலிம்களாகிய நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பெற்றோரும், "படிக்கிற பிள்ளை, தூங்கட்டும்" என்று இரக்கப்பட்டு விட்டுவிடாமல் எழுப்பிவிட வேண்டும்.

நான்கு மாதம் கழித்து அந்த மாணவர் மீண்டும் வந்தார். "வாரத்தில் ஒருநாள் இன்னும் தவறுகிறது, ஹஜ்ரத்" என்றார். தவறிய அன்று விழித்ததும் தொழுகிறாரா என்று கேட்டோம். "பல்கூடத் துலக்காமல் தொழுதுவிடுகிறேன்" என்றார். லுஹரும் அஸரும் கல்லூரியிலேயே முடிந்துவிடுகின்றன; அவரைப் பார்த்து வேறு இரண்டு பேர் சேர்ந்து ஜமாஅத்தும் நடக்கிறது. தொழாமலே இருந்துவிடலாமோ என்று கேட்டவருடைய வாயிலிருந்து இதைக் கேட்டபோது நம் கண்கள் கலங்கின.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்கு வந்துள்ளது. ஆகவே மாணவச் செல்வங்களே! எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயல வேண்டாம். இன்றிரவு இஷா தொழுததும் பையை அடுக்கி வாசலில் வையுங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். நாளைய தினம் அங்கிருந்து தொடங்கட்டும்.

அல்லாஹுத்தஆலா நம் பிள்ளைகளின் கல்வியிலும் காலத்திலும் பரக்கத் செய்வானாக! அவர்களின் தொழுகையை அவர்களுக்கும், அவர்களை அவர்களின் பெற்றோருக்கும் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.